கோடை வகுப்பு, கெமிஸ்ட்ரி, எஃப்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து மழை. கராஜ் வாசலில் தண்ணீர். என் மகள் எமியின் மழை பூட்ஸில் ஒன்றைக் காணோம். ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் ஸ்னீக்கர், அப்படியே ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டேன். கிண்டர்கார்டனில் யாரும் கேட்க மாட்டார்கள்.

மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்துக்கு மிச்சம்:

– சிபாரிசுக் கடிதம். மூன்றில் இரண்டு வந்தாயிற்று. பயாலஜிக்காரர் பாக்கி. நாளை ஞாபகப்படுத்த வேண்டும், கெஞ்சாமல்.
– எம்காட் நுழைவுத் தேர்வு மார்க். ஏறிவிட்டது. பரவாயில்லை ரகம்.
– பழைய காலேஜ் மார்க்குகள். ஜிபிஏ நாலுக்கு 2.7.
– பிஸ்கட்டவே யுனிவர்சிட்டியில் இந்த இரண்டு வருஷம் எடுத்த பாடங்கள். எட்டு. ஏழு ஏ, ஒரு பி பிளஸ்.
– கவுண்டி காலேஜ்.

கடைசியானதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு கூடைத் துணி மடித்தேன். திரும்பி வந்தும் அது அங்கேயே இருந்தது.

இந்தப் பக்கத்து நம்மவர்கள் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். பதினொன்றாம் வகுப்பு முடித்த கோடையில் பிள்ளையை உள்ளூர்க் கல்லூரியான கவுண்டி காலேஜில் ஒரு கெமிஸ்ட்ரி எடுக்க வைப்பது. முன்னாலேயே ஓடத் தொடங்கிவிடலாமாம். அப்பாவும் சேர்த்தார். எனக்குப் பதினேழு. பாளையங்கோட்டையிலிருந்து வந்து இரண்டே வருஷம். எஃப் வந்தது, ஃபெயில். "அத எவன்ட்டயும் காட்டாத. நாம அத எடுக்கவே இல்ல, கேட்டியா" என்றார். காலேஜ் விண்ணப்பத்தில் எழுதவில்லை. பதிமூன்று வருஷம் அது நடக்கவே இல்லை.

இந்த விண்ணப்பம் அப்படி விடாது. பள்ளியில் இருந்தபோது எடுத்தது, பாதியில் விட்டது, எதுவானாலும் போடு என்கிறது. மறைத்தால் பொய் சொன்னதாக அர்த்தம். அப்புறம் எந்த ஸ்கூலும் கிடையாது.

அந்தக் காலேஜின் மார்க் பட்டியலை ஆன்லைனில் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. என் பெயர், பிறந்த தேதி, ஒரே ஒரு வரி.

ஜூன் 3, செவ்வாய்

எமர்ஜென்சியில் ஷிப்ட், காலை 7 முதல் 3. நான் அங்கே டெக்னீஷியன். ஈசிஜி ஒட்டுவது, பிபி பார்ப்பது, கட்டிலைத் தள்ளுவது. விண்ணப்பத்தில் இதற்குப் பெயர் நோயாளிகளுடன் அனுபவம்.

காலை பத்து மணிக்கே முழுப் போதையில் ஒரு ஆள். காரை மரத்தில் மோதியிருக்கிறான். நெஞ்சில் ஈசிஜியின் நான்காவது பட்டனை ஒட்டிக்கொண்டிருந்தேன். அவன் முழங்கை என் வாயில். பல் உதட்டுக்குள் இறங்கிய சத்தம் எனக்கே கேட்டது. நர்ஸ் டோனா தோளைப் பிடித்தாள், அவள் வயிற்றில் உதை. செக்யூரிட்டியின் கையைக் கடித்து ஆட்டினான், நாய் துணியை ஆட்டுவது போல. கடைசியில் ஐந்து பேர் சேர்ந்து நாலு கை காலையும் கட்டிலோடு கட்டினோம். அவன் மணிக்கட்டு என் பங்கு. செக்யூரிட்டி போன மாதம் சொல்லிக்கொடுத்த பிடி: கட்டை விரலுக்குக் கீழே பிடி, உள்ளங்கையை வெளியே திருப்பு, முழங்கை தானாகப் பூட்டிக்கொள்ளும். திருப்பினேன். பூட்டிக்கொண்டது. அவன் அலறினான். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

எனக்கு உதட்டின் உள்ளே இரண்டு தையல். பிறகு ஒரு படிவம். யார் அடித்தது, எதனால், எங்கே, பார்த்தவர் யார். நாலு நிமிஷத்தில் நிரப்பினேன். இவ்வளவு சுலபமா!

வீட்டில் அப்பாவும் அம்மாவும். அப்பா ரிடையர் ஆனதிலிருந்து வார நாட்களில் மதியம் பிஸ்கட்டவேயில் உள்ள தங்கள் வீட்டிலிருந்து வந்து எமியை பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள். நான் படிக்க முடிவது அதனால்தான்.

எமி: "டிட் ஹி ஸே ஸாரி?"

அம்மா ஐஸ் எடுக்கப் போனாள். அப்பா என் உதட்டைப் பார்த்தார்.

"நீ என்ன செஞ்ச அவன?"

"ஒண்ணும் செய்யல. ஈசிஜி ஒட்டுனேன்."

"சும்மா அடிப்பானா ஒருத்தன்?"

ஜூன் 5, வியாழன்

வெயில். ஏசி சத்தம் போடுகிறது.

விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் அட்வைசருடன் வீடியோவில் இருபது நிமிஷம். நல்ல பெண்மணி, ஐம்பது இருக்கும், பின்னால் ஒரு பூனை நடந்துகொண்டே இருக்கும். எஃப்பைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

சொன்னது: இந்த வாரமோ அடுத்த வாரமோ அனுப்பிவிட வேண்டும். 2.7 வைத்துக்கொண்டு தாமதிக்கக் கூடாது, சீட் தீரத் தீர என் மாதிரி ஆளைத்தான் முதலில் தள்ளுவார்கள். எஃப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும். அழக் கூடாது, சாக்கும் சொல்லக் கூடாது. "படிப்பவர் தேடுவது ஒன்றைத்தான். அது திரும்ப நடக்குமா?"

என்ன காரணம் என்றாள். கையில் அடி என்றேன். மருத்துவ ரெக்கார்ட் இருக்கிறதா? இல்லை. ஏன்? சைக்கிளிலிருந்து விழுந்தேன், ஆஸ்பத்திரி போகவில்லை. பதிமூன்று வருஷமாகச் சொல்லும் பொய், தடங்கலே இல்லாமல் வருகிறது.

நடந்தது இது. ஜூலை. முதல் டெஸ்டில் நாற்பத்தொன்று. அப்பா அப்போது கார்ப்பெட் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வாக்குவம் கிளீனரின் பைப்பைக் கழற்றினார். அதன் நுனி இரும்பு. முகத்துக்கு வந்ததை வலது கையால் தடுத்தேன். மோதிர விரல், சுண்டு விரல். முதல் அடியிலேயே உடைந்துவிட்டது, எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இன்னும் ஐந்தாறு அடி அடித்தார். தரையில் என் தலைக்குப் பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் அணைக்கவில்லை.

அம்மா ஐஸ்கிரீம் குச்சி வைத்துக் கட்டினாள். டாக்டரிடம் போகலாம் என்று அவள்தான் கேட்டாள். அப்பா: "டாக்டர் கேப்பான். கேட்டா போலீஸ் வரும். கிரீன் கார்டு பைல் உள்ள கெடக்கு, மூணு பேர் வாழ்க்கையும் போயிரும். உங்கப்பன ஜெயில்ல பாக்கணுமாட்டி?" டாக்டர் கடிதம் இருந்தால் காலேஜில் விலகிக்கொள்ள விட்டிருப்பார்கள், மார்க் பட்டியலில் எதுவும் ஏறாது. கடிதம் இல்லை. எழுத முடியாத கையோடு வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். எஃப்.

மோதிர விரல் இன்னும் முழுதாக மடங்காது. மூட்டு தடித்ததில் கல்யாண மோதிரம் பெரிய அளவில் வாங்க வேண்டி வந்தது.

பயாலஜிக்காரர் கடிதம் வந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

எமி என் நோட்ஸ் மேல் பால் கொட்டினாள். நாலு பக்கம். மேல் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து தூக்கினேன். இறக்கவில்லை, தூக்கியபடியே ஆட்டினேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை. அவள் சத்தமே போடவில்லை. அந்த மௌனம்தான் என் கையை விடவைத்தது.

அவள் மேல் கையில் என் நாலு விரல் தடம், சிவப்பாக. பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். மறைய இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

"மம்மி, ஆர் யூ டன்?" என்று கேட்டாள். கோபம் முடிந்துவிட்டதா என்று.

அது திரும்ப நடக்குமா?

ஜூன் 7, சனி

பத்தியின் வரைவுகள்.

1. "குடும்பச் சூழ்நிலை காரணமாக." வழவழ.
2. "கையில் ஏற்பட்ட காயம் காரணமாக." யார் ஏற்படுத்தியது?
3. "என் தந்தை என் கையை உடைத்தார்."

மூன்றாவதைச் சாம் பார்த்துவிட்டான். பிரிண்டரில் விட்டது என் தப்பு. என் கணவனுக்கும் சைக்கிள் கதைதான் தெரியும். பேப்பரோடு சமையலறைக்கு வந்தான்.

"பியூலா, இது நிஜமா, இல்ல எஸ்ஸேக்காக எழுதினதா?"

"நிஜம்."

"சைக்கிள்னு சொன்ன."

"சொன்னேன்."

என் மோதிர விரலைப் பார்த்தான். பிறகு, "நம்ம கொழந்தைய தினமும் அவர்ட்டதானே விடறோம்?" என்றான்.

"எமியத் தொட மாட்டாரு. அவ பேத்தி. என்னைய மாதிரி இல்ல." சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன்.

"வேற ஆள் பாக்கலாமா?"

கத்தினேன். யார் வருவா, நீ ஜெர்சி சிட்டியிலிருந்து ஏழு மணிக்கு ரயிலிறங்கி வருவ, எனக்கு ஷிப்ட், இது கடைசி வருஷம், இதுவும் போச்சுன்னா நான் என்ன பண்றது. கையில் இருந்த தோசைக் கரண்டியை சிங்க்கில் எறிந்தேன். எகிறி ஜன்னலில் பட்டது. கண்ணாடியில் ஒரு கீறல், மூலையிலிருந்து நடுவரை. சாம் டேப் ஒட்டினான்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சில் தமிழ் ஆராதனை. அப்பா சபை மூப்பர், விண்ணப்ப ஜெபம் அவர் முறை. வியாதியஸ்தருக்காக, விசா இல்லாதவர்களுக்காக, அப்புறம் "என் மகள் பியூலாவின் மருத்துவப் படிப்புக்காக". குரல் உடைந்து அழுதார். நிஜ அழுகை. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, அதுதான் எரிச்சல்.

வெளியே காபி மேஜையில் மேபல் ஆன்ட்டி:

"சீட் கெடச்சிருச்சாம்மா?"

"இப்பதான் ஆன்ட்டி அப்ளை பண்றேன்."

"இனிமேலா? முடிக்கிறப்ப ஒம் மகளும் மெடிக்கல் அப்ளை பண்ணுவாளே! ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல உக்காருங்க."

"டிபன் ஒண்ணா கட்டிரலாம் ஆன்ட்டி."

"என் மவன் தீவுல மெடிக்கல் படிக்கான் பாரு, கடலும் கரையுமா. அங்க மார்க்கே கேக்கல."

என் வீங்கிய உதட்டைப் பார்த்து, சாம் நின்ற பக்கம் ஒரு பார்வை. நான் விளக்கவில்லை. பாவம் சாம்.

ஜூன் 10, செவ்வாய்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

மதியம் 1.15. வேலையில் இருந்தேன். எமியின் ஸ்கூல் நர்ஸ் போன். எமியின் கையில் தடம் இருக்கிறது என்றாள். முதலில் மனதில் ஓடியது: வெள்ளிக்கிழமை என் விரல்கள். மறைந்துவிட்டதே! மறைந்ததை நான் பார்த்தேனே!

வலது கை என்றாள். விரல்களின் மேல் மூன்று கோடு, எல்லாம் ஒரே அகலம், ஒன்று கருநீலம். பென்சில் பிடிக்க முடியவில்லை. டிராயரில் மாட்டிக்கொண்டது என்று எமி சொல்கிறாள். "டிராயர் இப்படி மூன்று கோடு போடாது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அப்பா எமிக்கு இரண்டாம் வகுப்புக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். மர அடிஸ்கேல் ஒன்று கொண்டுவருவார், கோடு போட. நேற்று ராத்திரி அவள் கையைப் பார்க்காமலே தூங்கவைத்திருக்கிறேன்.

ஆமாம் டிராயர்தான் என்று சொன்னால் முடிந்தது. ஒரு வார்த்தை. எனக்குப் பின்னால் ஏதோ கட்டிலில் மானிட்டர் அடித்துக்கொண்டிருந்தது.

"டிராயர் இல்லை. என் அப்பா. ஸ்கேலால்."

குழந்தைகள் நலத்துறைக்கு நான் இதை ரிப்போர்ட் செய்தாக வேண்டும், தெரியுமில்லையா என்றாள். தெரியும், நானும் அதே டிரெயினிங் எடுத்தவள்தான் என்றேன். டோனாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ரூட் ஒன் ஹைவேயில் எவ்வளவு வேகத்தில் வந்தேன் என்று தெரியாது.

பஸ் எனக்கு முன்னால் வந்துவிட்டது. உள்ளே நுழையும்போது எமி மேஜையில், ஷூகூடக் கழற்றவில்லை. முன்னால் கணக்குப் புத்தகம். அம்மா அடுப்பில் பஜ்ஜி.

நர்ஸ் போன் செய்ததைச் சொன்னேன். நான் என்ன சொன்னேன் என்பதையும். அம்மா கரண்டியை அப்படியே எண்ணெயில் விட்டுவிட்டாள்.

அப்பா உடனே கத்தவில்லை. யோசித்தார். ஆபீஸில் எதையோ சரிசெய்வது போல.

"சரி. திருப்பி போனப் போடு. தெரியாமச் சொல்லிட்டேன், டிராயர்தான்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏட்டி, ஒனக்காகத்தான் சொல்லுதேன். கேஸ்னு ஒண்ணு பதிஞ்சா ஒன் வீட்டுப் பேர்ல பதியும். எந்த மெடிக்கல் ஸ்கூல் எடுப்பான்? எல்லாம் தோண்டிப் பாப்பான். ரெண்டு வருசம் ஒம் பிள்ளைய வளத்ததுக்கு இதா?"

அவர் எமியின் பக்கம் திரும்பினார்.

"நீதான காமிச்ச? தாத்தாவக் காட்டிக் குடுத்தியா?"

"ஐ ஸெட் டிராயர்! தாத்தா, ஐ ஸெட் டிராயர்!"

கை ஓங்கிக்கொண்டு போனார். ஸ்கேல்கூட இல்லை, வெறும் கை. மேஜையைச் சுற்றி நான் எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. பிடித்தேன். கட்டை விரலுக்குக் கீழே. திருப்பினேன். முழங்கை பூட்டிக்கொண்டது. அவர் முட்டி மடங்கி டைல்ஸில் இறங்கினார். நாற்காலி சாய்ந்தது. அம்மா என் முதுகில் குத்திக்கொண்டே இருந்தாள்: "விடுட்டி! அப்பாட்டி அது! விடுட்டி!"

"வலிக்குதும்மா" என்றார். அம்மா என்று என்னை.

அப்போது விட்டிருக்கலாம். நிறுத்த வேண்டியது எப்போதோ நின்றுவிட்டது. விடவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். உள்ளே ஏதோ இடம் மாறியது, என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. இதை வேறு எங்கும் எழுத மாட்டேன். சந்தோஷமாக இருந்தது.

பிறகு எமியைப் பார்த்தேன். மேஜைக்கு அடியில், காதைப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு.

எண்ணெய் புகைந்து அலாரம் அடித்த பிறகுதான் கையை விட்டேன். அவர்கள் கிளம்பியபோது காரை அம்மா ஓட்டினாள். அம்மா ஹைவேயில் ஓட்டி நான் பார்த்ததில்லை.

ஜூன் 11, புதன்

வேலைக்குப் போகவில்லை. எமியைக் குழந்தை டாக்டரிடம் காட்டினேன். எலும்பு முறிவு இல்லை. வீக்கம் ஒரு வாரம் இருக்கும்.

மூன்று மணிக்குக் குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு பெண். கையில் பெரிய தண்ணீர் பாட்டில், காலணியை வாசலில் கழற்றினாள். பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். எமியின் படுக்கையைப் பார்த்தாள். ஜன்னல் கீறலைப் பார்த்தாள். "இது?" "நான் கரண்டி எறிந்தேன்." எழுதிக்கொண்டாள். சாம் என்னை முறைத்தான்.

எமியோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். மாடியில், கதவைச் சாத்தி, அரை மணி நேரம். இறங்கி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாத்தா இனிக் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. அதற்குக் கையெழுத்து. அப்புறம்: "அம்மா தாத்தாவின் கையை முறுக்கினாள், அவர் அழுதார், அம்மா நிறுத்தவில்லை என்கிறாள். வெள்ளிக்கிழமை தன்னைத் தூக்கி ஆட்டியதாகவும் சொல்கிறாள்."

ஆமாம் என்றேன். இரண்டுமே.

எழுதினாள். திரும்ப வருவாளாம், அடுத்த வாரம். கோபத்துக்கு ஏதோ வகுப்பு இருக்கிறது, தாளைக் கொடுத்தாள். போகும்போது, "நிறைய பேர் என்னிடம் டிராயர் என்றுதான் சொல்வார்கள்" என்றாள்.

சாம்: "இதெல்லாம் எங்கயாவது போய் நிக்குமா? உன் அப்ளிகேஷன்ல?"

"தெரியல."

"கேக்கலாமா யார்ட்டயாவது?"

"கேட்டா?"

எமிக்கு இடது கையால் சாப்பிட வரவில்லை. ஊட்டினான்.

ஜூன் 13, வெள்ளி

புழுக்கம்.

பக்கத்து டவுன்ஹவுஸில் இருக்கும் ரஹீமா, மூன்று பிள்ளைக்காரி, இந்த மாதம் பஸ்ஸிலிருந்து எமியை இறக்கிக்கொள்கிறேன் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. சாம் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. வாராவாரம் ஓட்ட வேண்டியதுதான்.

பத்தி முடித்தேன். மூன்று வாக்கியம். பதினேழு வயதில் என் தந்தை அடித்ததில் வலது கையில் இரண்டு விரல் உடைந்தது. மருத்துவரிடம் போகவில்லை, வகுப்பிலிருந்து விலகவும் முடியவில்லை. அந்த வீட்டிலிருந்தபடியே காலேஜும் படித்தேன், மற்ற மார்க்குகளும் அங்கிருந்து வந்தவைதான்.

அட்வைசர் படித்துவிட்டு: "நல்லது. திரும்ப நடக்காது என்று ஒரு வரி சேர்த்துவிடு." தட்டினேன், அழித்தேன், தட்டினேன், அழித்தேன். அந்த வரி இல்லாமலேயே அனுப்பினேன். 2.40க்கு. திரையில் பச்சை டிக்.

சாம் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான்.

ஜூன் 14, சனி

காலை எட்டுக்கு அம்மா போன். ரகசியக் குரல், குளியலறையிலிருந்து பேசுகிறாள்.

"அப்பாக்கு கை வீங்கிக் கெடக்குட்டி. வெரல அசைக்க முடியல. நாலு நாளாத் தூங்கல. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்காவ."

"ஏன்?"

"டாக்டர் கேப்பானாம். கேட்டா ஒம் பேரு வந்துருமாம்."

எமியைச் சாமிடம் விட்டுவிட்டு பிஸ்கட்டவே போனேன். அப்பா சோபாவில், கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். உள்ளங்கை வரை ஊதா. துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். அவரும் பார்க்க விட்டார். செருப்பைக் காலடியில் போட்டேன். போட்டுக்கொண்டார். அம்மா பின் சீட்டில்.

நான் வேலை செய்யும் இடத்துக்குப் போகவில்லை, வேறு ஆஸ்பத்திரி. முன்னறையில் நர்ஸ் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும். எனக்கு மனப்பாடமான கேள்விகள். பெயர், பிறந்த தேதி, அலர்ஜி, எப்படி ஆச்சு.

"ஸ்டேர்ஸ்" என்றார் அப்பா. "ஐ ஸ்லிப்ட்." ஆபீஸ் ஆங்கிலம், நிமிர்ந்த தலை.

அவள் டைப் பண்ணத் தொடங்கினாள்.

"இல்லை" என்றேன். "நான் முறுக்கினேன். செவ்வாய்க்கிழமை. நான் இவர் மகள்."

கீபோர்ட் நின்றது. அப்பா என் பக்கம் திரும்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு, தமிழில்:

"கூறுகெட்டவளே, வாய மூடு. எழுதிட்டான்னா ஒன் சீட் போயிரும். நாந்தான் விழுந்தேன்னு சொல்லுதேன்லா? எனக்கு ஒண்ணுமில்ல. நீ டாக்டராவணும்."

என்ன சொல்கிறார் என்று நர்ஸ் கேட்டாள்.

வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன்.